இரண்டே பேர் இருக்கும் வீட்டில் என்ன விளையாடுவது?

நீங்கள் கேட்டது, இருவர் ஆட நல்ல போர்டு விளையாட்டும் சீட்டு விளையாட்டும் எவை என்று. ஆனால் கேள்விக்கு முன்னால் எழுதியிருந்த நாலு வரியில்தான் விஷயம் இருக்கிறது. கல்யாணமாகி ஒரு வருஷம். சேலம் அஸ்தம்பட்டியில் வாடகை வீடு. இரவுச் சாப்பாடு முடிந்தால் ஆளுக்கொரு போன். செஸ் போர்டு வாங்கினீர்கள், ஒன்பது ஆட்டம் வரிசையாக நீங்களே ஜெயித்தீர்கள், பத்தாவது ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. கல்யாணப் பரிசாக வந்த கட்டான் என்ற போர்டு விளையாட்டின் பெட்டியில் மூன்று முதல் நான்கு பேர் என்று போட்டிருக்கிறது. ஆக, பலம் சமமாக இல்லாத இரண்டு பேர், ஒருவர் முகம் வாடாமல், வாரத்தில் நாலு நாளாவது உட்கார எது தோதுப்படும் என்பதுதான் கேள்வி. அப்படி எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். செலவு குறைவாக என்றும் சொல்லியிருந்தீர்கள், அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

எனக்கு இதில் படிப்பு ஏதும் கிடையாது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் ஐந்து அறை கொண்ட விருந்தினர் வீட்டைப் பதினான்கு வருஷமாக நடத்துகிறேன். அங்கே மழை மாதங்களில் மாலை நான்கு மணிக்குப் பனி இறங்கிவிட்டால் எதிர் மரம் தெரியாது. கரண்டும் போகும், போனில் சிக்னலும் போகும். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் எல்லாம் பார்த்து முடித்தவர்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்ப்பார்கள். அதற்காக ஓர் அலமாரியில் விளையாட்டுகளை வாங்கி அடுக்க ஆரம்பித்தேன். வருகிறவர்களில் முக்கால்வாசி ஜோடிகள். எந்தப் பெட்டியைத் திறந்து பத்து நிமிஷத்தில் மூடுகிறார்கள், எதற்காக இரவுச் சாப்பாடு ஆறிப்போகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இதில் ஒரு ஞானம் வந்தது. அலமாரியில் மூலை கிழிந்து செலோடேப் ஒட்டிய பெட்டிகள்தான் நல்ல விளையாட்டுகள். புத்தம்புதிதாக மினுக்குகிறவற்றை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் பார்த்தவர்கள் லீவில் வந்தவர்கள். ஆபீஸ் முடிந்து களைத்துப்போன வியாழக்கிழமை ராத்திரி வேறு கதை. அதனால் கீழே கணக்கு சொல்லும் இடங்களை அப்படியே நம்பலாம். ருசி சொல்லும் இடங்களை உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கட்டான் பெட்டி. அதை வைத்துக்கொண்டு இரண்டு பேர் மல்லுக்கட்ட வேண்டாம். அந்த மாதிரி விளையாட்டுகளின் உயிர் பேரத்தில் இருக்கிறது. "எனக்கு ஒரு செங்கல் கொடு, ஒரு ஆடு தருகிறேன்" என்று நாலு பேர் நடுவில் பேசினால் அதில் அர்த்தம் உண்டு, இரண்டு பேருக்கும் லாபம், மற்ற இருவருக்கு நஷ்டம். இரண்டே பேர் என்றால் உங்களுக்குக் கிடைக்கிற லாபம் முழுக்க எதிராளியின் நஷ்டம், பிறகு யார் எதற்குப் பேரம் பேசுவார்கள்? மோனோபொலியும் இருவருக்கு இதனால்தான் சவசவவென்று போகிறது. இன்னொன்று, நாலு பேர் ஆடும்போது ஒருவர் முந்தினால் மற்ற மூவரும் சேர்ந்து அவர் காலை வாரிவிடுவார்கள், ஆட்டம் தானே சமப்படும். இருவர் ஆட்டத்தில் அந்த மூன்றாவது கை இல்லை. முந்தியவர் முந்திக்கொண்டே போவார். செஸ்ஸில் உங்களுக்கு நடந்தது இதுதான். செஸ்ஸில் அதிர்ஷ்டத்துக்கு இடமே கிடையாது, கொஞ்சம் கூடத் தெரிந்தவர் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் ஜெயிப்பார். தோற்பவருக்கு "சீட்டு சரியில்லை" என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

அதனால் இருவர் விளையாட்டைப் பார்த்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, பலக்குறைவானவருக்கு இது என்ன கொடுக்கிறது என்பதுதான். கொஞ்சம் அதிர்ஷ்டமா, பக்கம் மாற்றி ஆடும் வசதியா, சலுகை கொடுக்க ஏதாவது வழியா? அடுத்து, ஓர் ஆட்டம் எத்தனை நிமிஷம் என்று பார்ப்பேன். ஒரு ராத்திரியில் மூன்று ஆட்டம் முடிய வேண்டும். ஒரே ஆட்டம் இரண்டு மணி நேரம் ஓடினால் தோல்வியோடு படுக்கப் போக வேண்டியிருக்கும். இருபது நிமிஷ ஆட்டம் என்றால் தோற்றவர் தானே சீட்டை அள்ளிக் கலைப்பார்.

செலவே இல்லாமல் இன்றைக்கே தொடங்க ஒரு வழி இருக்கிறது. லாஸ்ட் சிட்டீஸ் என்று இருவருக்கென்றே செய்த சீட்டு விளையாட்டு ஒன்று உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ரெய்னர் க்னிட்சியா என்பவர் உருவாக்கி 1999-இல் வந்தது. ஐந்து நிறம், 60 சீட்டு. நிறத்துக்கு 2 முதல் 10 வரை ஒன்பது எண் சீட்டும், பந்தயச் சீட்டு மூன்றும். இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, நம் சாதாரண சீட்டுக்கட்டில் இது அப்படியே இருக்கிறதே என்று. நாலு ஆஸையும் எடுத்துத் தள்ளி வையுங்கள். மீதி 48 சீட்டில் இஸ்பேட், ஆட்டின், கிளாவர், டைமன் என்ற நாலு ஜாதி ஒவ்வொன்றிலும் 2 முதல் 10 வரை இருக்கும், ஜாக்கி, ராணி, ராஜா மூன்றும் பந்தயச் சீட்டு. ஐந்து நிறத்துக்குப் பதில் நாலு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆளுக்கு எட்டுச் சீட்டு, மீதி 32 நடுவில் கவிழ்த்த கட்டு. உங்கள் முறை வந்தால் ஒரு சீட்டைப் போட்டு ஒரு சீட்டை எடுக்க வேண்டும். போடுவதை உங்கள் பக்கம் அந்த ஜாதியின் வரிசையில் வைக்கலாம், இல்லையென்றால் நடுவில் அந்த ஜாதிக்கான கழிவில் போடலாம். எடுப்பதைக் கட்டிலிருந்தும் எடுக்கலாம், ஏதாவது ஒரு கழிவின் மேல் சீட்டையும் எடுக்கலாம், நீங்கள் இப்போது போட்டதை மட்டும் எடுக்கக் கூடாது. வரிசை ஏறிக்கொண்டே போக வேண்டும். ஆட்டினில் 6 வைத்துவிட்டால் பிறகு கையில் வரும் 4 வீண். பந்தயச் சீட்டை எண்ணுக்கு முன்னால்தான் வைக்க முடியும். கட்டு தீர்ந்ததும் ஆட்டம் முடிந்தது. தொடங்கிய ஒவ்வொரு வரிசைக்கும் எண்களைக் கூட்டி 20 கழியுங்கள். ஒரு பந்தயச் சீட்டு இருந்தால் வந்ததை இரண்டால் பெருக்குங்கள், இரண்டு இருந்தால் மூன்றால், மூன்று இருந்தால் நாலால். ஒரு வரிசையில் எட்டுச் சீட்டோ அதற்கு மேலோ சேர்ந்துவிட்டால் தனியாக 20 கூடும். தொடாத வரிசைக்கு ஒன்றுமில்லை.

அந்த 20 கழிப்பதில்தான் சூட்சுமம். ராணியை வைத்துத் தைரியமாக ஆரம்பித்து 3, 5 என்று இரண்டே சீட்டோடு நின்றுவிட்டால் 8-இல் 20 போய் மைனஸ் 12, பந்தயத்தால் மைனஸ் 24. அதனால் கையில் ஓரளவு சேரும் வரை காத்திருக்கத் தோன்றும். காத்திருந்தால் கட்டு கரைந்துகொண்டே வரும். போன மார்கழியில் நானும் என் மனைவியும் ஆடிக்கொண்டிருந்தோம். அவள் ஆட்டினில் 7 வரை வந்துவிட்டாள், 8 என் கையில். எனக்கு அது எதற்கும் ஆகாது. கீழே போட்டால் லபக்கென்று எடுத்துக்கொள்வாள், வைத்துக்கொண்டால் எட்டில் ஓரிடம் அடைபட்டுக் கிடக்கும். ஐந்து சுற்று அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். "என்னங்க, ஆட்டின் 8 பத்திரமா இருக்கா?" என்று சிரிக்காமல் கேட்டாள். 10 அவள் கையில் ஏற்கெனவே இருந்ததால் அவள் 8-க்காகக் காத்திருக்கவே இல்லை என்று முடிந்த பிறகுதான் தெரிந்தது. எதிரே இருப்பவரின் மனதைப் படிக்க வேண்டிய இந்த இடம்தான் இருவர் ஆட்டத்தின் சுகம், நாலு பேர் கூடினால் இது கிடைக்காது. செஸ்ஸில் கெட்டிக்காரர்கள் இதில் பொறுமையில்லாமல் தோற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், உங்கள் வீட்டில் அது நடந்தால் நல்லதுதான்.

அதே கட்டில் அடுத்ததாக ஜெர்மன் விஸ்ட் ஆடுங்கள். 52 சீட்டும் வேண்டும். ஆளுக்குப் பதின்மூன்று போட்டு, மீதி 26-இன் மேல் சீட்டைத் திறந்து வையுங்கள், முதலில் திறந்த ஜாதியே கடைசி வரை துருப்பு. போட்ட ஜாதியைப் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால்தான் துருப்போ வேறு எதுவோ. அந்தச் சுற்றைப் பிடித்தவருக்குத் திறந்திருக்கும் சீட்டு, தோற்றவருக்கு அதற்கு அடியில் மறைந்திருக்கும் சீட்டு. பிறகு அடுத்ததைத் திறக்க வேண்டும். கட்டு தீரும் வரை எடுத்த பிடிக்கு மதிப்பில்லை, அதன் பிறகு வரும் பதின்மூன்று பிடிதான் கணக்கு, ஏழு பிடித்தவர் ஜெயித்தார். திறந்து கிடப்பது டைமன் இரண்டாக இருந்தால் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு தோற்கப் பார்ப்பார்கள். அது பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

ரம்மி இருவரும் ஏற்கெனவே ஆடியிருப்பீர்கள். பதின்மூன்று சீட்டு ரம்மி கூட்டத்துக்கு நல்லது. இருவருக்கு, பத்துச் சீட்டு வைத்து ஒரே கட்டில் ஆடும் ஜின் ரம்மிதான் விறுவிறுப்பு. சேராத சீட்டுகளின் கூட்டல் பத்துக்குள் வந்ததுமே ஆட்டத்தை நிறுத்தலாம் என்பதால் முழுசாகச் சேரும் வரை காத்துக்கிடக்க வேண்டியதில்லை. சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளும் ஸ்கூட், மிடில் ஸ்கூட் எல்லாம் இதில் கிடையாது. ஊனோவையும் இருவர் ஆடலாம், திருப்பும் சீட்டு போட்டால் எதிராளியின் முறை தள்ளிப்போய் உங்களுக்கே மறுபடி வரும். நாலு ஆட்டம் சிரிக்கலாம், ஐந்தாவதில் அலுக்கும்.

சீட்டுக்கட்டு என்றாலே சூதாட்டம் என்று நினைக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்களாக இருந்தால் சங்கடம்தான். என் மாமனார் அப்படிப்பட்டவர். அவர் வந்தால் கட்டு பீரோவுக்குள் போய்விடும், பல்லாங்குழி வெளியே வரும்.

நம் ஊர் விளையாட்டுகளை நான் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. இருவருக்கென்றே பிறந்தவை அவற்றில் இருக்கின்றன. பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழு குழி. குழிக்கு ஐந்து வைத்தால் 70 முத்து, ஆறு வைத்தால் 84, வீட்டுக்கு வீடு மாறும். அம்மாப்பேட்டையில் என் பாட்டி புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்பார். கை குழிக்குள் போகும் முன்னாலேயே எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்கு அது மந்திரம் போல இருக்கும். உண்மையில் அதில் அதிர்ஷ்டம் துளியும் இல்லை, எல்லா முத்தும் கண்ணெதிரே கிடக்கிறது. ஆனால் முத்து தீர்ந்த இடத்துக்கு அடுத்த குழியை அள்ளி, மறுபடி போட்டு, மறுபடி அள்ளி என்று நீண்டுகொண்டே போவதால் புதிதாக ஆடுகிறவர் கணக்குப் பண்ணவே முடியாது, அவருக்கு அது அதிர்ஷ்டமாகவே தெரியும். அதனால் தோற்றாலும் உறுத்துவதில்லை. செஸ்ஸில் அடிபட்டவர்களுக்கு இதை நான் தயங்காமல் கொடுப்பேன். நாலு சேர்ந்த குழியைப் பசு என்று எடுக்கும் ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள், கை ஓயாமல் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஆடுபுலிக்கு ஒரு காகிதமும் பேனாவும் போதும். உச்சியில் ஒரு புள்ளி வைத்து நாலு கோடு விரித்துக் கீழே இறக்குங்கள். குறுக்கே நாலு கோடு. மேலே உள்ள மூன்றை மட்டும் இரு பக்கமும் வெளியே நீட்டி, நீண்ட முனைகளை மேலிருந்து கீழாக இணையுங்கள். மூன்று கோட்டில் ஆறாறு, அடிக்கோட்டில் நாலு, உச்சியில் ஒன்று, ஆக 23 புள்ளி. மூன்று ஐந்து ரூபாய் நாணயம் புலி, பதினைந்து காப்பிக்கொட்டை ஆடு. உச்சியில் ஒரு புலி, அதற்குக் கீழே முதல் குறுக்குக் கோட்டின் நடுவில் இரண்டு. ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக இறக்குவார், எல்லாம் இறங்கிய பிறகுதான் ஆடுகள் நகரலாம். புலி பக்கத்து ஆட்டைத் தாண்டிக் காலி இடத்தில் குதித்தால் ஆடு போச்சு. புலிகளை நகர முடியாமல் அடைத்தால் ஆடு ஜெயித்தது. இரு பக்கமும் வேறுவேறு வேலை என்பதால் இதிலேயே சலுகை இருக்கிறது. புதியவர் கையில் புலி கொடுங்கள், அவர் பாய்ந்து நாலு ஆட்டை அடித்துவிடுவார். ஆட்டை வைத்து ஜெயிப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும், அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பழகியதும் மாற்றி மாற்றி ஆடுங்கள்.

தாயம் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பித்தளைக் கட்டை ஒவ்வொன்றிலும் நாலு முகம், அவற்றில் வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம், அதில் தாயம் இரண்டு விதம்தான். எட்டில் ஒரு பங்கு. பத்து முறை உருட்டியும் தாயமே விழாமல் போக ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. நாலு பேர் கூடி வம்பளந்துகொண்டு ஆடும்போது அது பொருட்டே இல்லை, இரண்டு பேர் என்றால் ஒருவர் காய் இறக்காமல் உட்கார்ந்திருக்க மற்றவர் சுற்றிக்கொண்டே இருப்பார். எங்கள் வீட்டில் ஐந்து விழுந்தாலும் காய் இறக்கலாம் என்று வைத்துக்கொண்டோம், அதனால் அது நாலில் ஒரு பங்காகிவிட்டது. வெட்டினால்தான் பழத்துக்குப் போகலாம் என்ற விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது போனால் வெறும் உருட்டல்தான் மிஞ்சும்.

காசு போட்டு வாங்குவதென்றால் மூன்றே பெட்டி சொல்வேன். ஒன்று ஜெய்ப்பூர், 2009-இல் வந்தது, இருவருக்கு மட்டுமேயானது. சந்தையில் துணி, மசாலா, தோல் என்று சீட்டு கிடக்கும், எடுத்துச் சேர்த்து விற்க வேண்டும். சீக்கிரம் விற்றால் விலை அதிகம், நிறையச் சேர்த்து விற்றால் போனஸ். எங்கள் அலமாரியில் மூன்று முறை செலோடேப் வாங்கிய ஒரே பெட்டி இதுதான். இரண்டாவது ஹைவ். போர்டே இல்லை, ஆளுக்குப் பதினோரு பூச்சிக் காய், எதிராளியின் ராணித்தேனீயைச் சுற்றி வளைக்க வேண்டும். செஸ் மூளை உங்களுக்கு அரித்தால் இதை வாங்கலாம், ஆனால் அதே பலவித்தியாசப் பிரச்சினை இங்கேயும் வரும், அதனால் முதலில் வேண்டாம். மூன்றாவது ஹனாபி. எதிரெதிராக ஆடாமல் இருவரும் ஒரே கட்சி. 50 சீட்டு, உங்கள் கைச் சீட்டை எதிரே இருப்பவருக்குக் காட்டிப் பிடிக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாது. அவர் தரும் குறிப்பை நம்பித்தான் போட வேண்டும். சேர்ந்து ஆடும் மற்ற விளையாட்டுகளில் விவரம் தெரிந்தவர் மற்றவரை வேலை வாங்க ஆரம்பித்துவிடுவார், "அதை வை, இதை எடு" என்று. இதில் அவர் கையே அவருக்குத் தெரியாது என்பதால் அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் ஒரு சில ஜோடிகள் "எட்டு குறிப்பில் மூன்றை வீணாக்கிட்டியே" என்று இதிலும் சண்டை போட்டார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. இந்த இறக்குமதிப் பெட்டிகளின் விலை பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். சீட்டுக்கட்டில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேரம் இருவருக்கு அருமைதான், ஆனால் 29 அங்குல போர்டும் ஸ்டேண்டும் வைக்கக் கூடம் வேண்டும், கை பழகிய ஒருவர் முன் பழகாதவர் பாடு திண்டாட்டம். மலையில் எனக்கு இன்னொரு தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் போர்டு ஈரம் வாங்கிக்கொள்ளும், எவ்வளவு பவுடர் போட்டாலும் ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றுவிடும். மேலே பல்பைத் தாழ்வாகத் தொங்கவிட்டுக் கால் மணி நேரம் காய வைத்தால்தான் ஓடும். உங்களுக்குச் சேலத்தில் அந்தக் கவலை இல்லை. அங்கே தொல்லை வேறு, சித்திரையில் ஃபேனை நிறுத்த முடியாது, காகிதச் சீட்டு ஆளுக்கொரு மூலைக்குப் பறக்கும். கொஞ்சம் கனமான பிளாஸ்டிக் சீட்டாக வாங்குங்கள். துடைத்து வைத்துக்கொள்ளவும் வசதி. தட்டுவடை செட்டைத் தின்றுகொண்டே ஆடுவதாக இருந்தால் அது ரொம்பவே தேவைப்படும்.

செஸ் போர்டையும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் பக்கம் ராணியை எடுத்துவிட்டு ஆடிப் பாருங்கள், இல்லையென்றால் போனில் செஸ் கடிகாரம் வைத்து அவருக்குப் பத்து நிமிஷம், உங்களுக்கு மூன்று. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது, சலுகை வாங்குகிறோம் என்ற எண்ணம் அவருக்கு வராது, உங்கள் கைதான் நடுங்கும். ஆனால் வேண்டுமென்றே தோற்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். நான் ஒரு முறை செய்து மாட்டிக்கொண்டு, அதற்கப்புறம் நேர்மையாக ஜெயித்த ஆட்டத்தைக்கூட என் மனைவி இரண்டு மாதம் நம்பவில்லை.

இன்னொன்றும் கேட்க மறந்துவிட்டேன். சின்ன வயதில் அவர் என்ன ஆடினார் என்று கேட்டீர்களா? லீவில் பாட்டி வீட்டில் தாயமோ பல்லாங்குழியோ ஆடி வளர்ந்தவராக இருந்தால் அதிலிருந்தே ஆரம்பியுங்கள், முதல் ஒன்பது ஆட்டம் நீங்கள் தோற்கலாம்.